பீரோ மேல் ஏறிய மாஸ்க்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியாவுக்காக, டியூப், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்துவைக்கும் சிபேப் மெஷின் வாங்கியவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதிய கடிதங்களை இந்த மாதம் எடுத்துக்கொண்டேன். தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் மாஸ்க் பொருத்திவிடுவதுதான் என் வேலை. மெஷின் சரியில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் மாஸ்க்தான் சரியில்லாமல் இருக்கும், தினமும் பார்க்கிறேன். காற்றழுத்தம் எவ்வளவு, மருந்து என்ன என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியவை. முகத்தில் உட்காரும் அந்தச் சிலிகான் துண்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

என் கணவருக்கு 52 வயது. பரிசோதனையில் மணிக்கு 41 தடவை மூச்சு தடைபடுவதாக வந்தது. மெஷின் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. மூக்கு, வாய் இரண்டையும் மூடுகிற பெரிய மாஸ்க் கொடுத்தார்கள். கண்ணில் காற்று அடிக்கிறது என்று பட்டையை இறுக்குகிறார், காலையில் பார்த்தால் மூக்குத்தண்டு சிவந்து புண்ணாகியிருக்கிறது. நடுராத்திரியில் கழற்றி எறிந்துவிடுவார். இப்போது பத்து நாளாக மெஷினே பீரோ மேல் ஏறிவிட்டது. அவர் மூச்சு நிற்கிறதா வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நான் விழித்துக் கிடக்கிறேன்.
– வாசகி, கரூர்

அம்மா, முதலில் அதைப் பீரோவிலிருந்து இறக்குங்கள். மணிக்கு 30 தடவைக்கு மேல் என்றாலே கடுமையான வகை, உங்கள் கணவருக்கு 41. அவர் அடம் பிடிக்கிறார் என்று நினைக்காதீர்கள், புண்ணான இடத்தின் மேல் தினமும் அதையே வைத்து அழுத்தினால் யாராக இருந்தாலும் கழற்றத்தான் செய்வார்கள்.

கண்ணில் காற்று அடித்தால் எல்லோருடைய கையும் பட்டைக்குத்தான் போகும். அங்கேதான் தப்பு நடக்கிறது. மாஸ்க்கின் ஓரத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள், பெரும்பாலான மாடல்களில் சிலிகான் இரண்டு அடுக்காக இருக்கும். முகத்தில் படும் மெல்லிய அடுக்கு காற்று வந்ததும் பலூன் மாதிரி உப்பி, முகத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து ஒட்டிக்கொள்ளும். பட்டையை இறுக்கினால் அந்த அடுக்கு நசுங்கி மடிந்துவிடுகிறது. மடிந்த இடத்தில் கசியும், கசிகிறதே என்று இன்னும் இறுக்குவோம், இன்னும் மடியும். கடைசியில் மூக்குத்தண்டில் எலும்பின் மேல் இருக்கும் அந்த மெல்லிய தோல்தான் மாட்டிக்கொள்கிறது.

இன்று இரவு இப்படிச் செய்து பாருங்கள். அவர் எப்போதும் படுப்பது போலவே, அதே தலையணையில் படுக்கட்டும். உட்கார்ந்தபடி மாட்டிப் பார்ப்பது பிரயோஜனமில்லை, படுத்ததும் கன்னத்துச் சதை பக்கவாட்டில் இறங்கி முகத்தின் அமைப்பே மாறிவிடும். எல்லாப் பட்டைகளையும் நன்றாகத் தளர்த்திவிட்டு மெஷினைப் போடுங்கள். மெதுவாக அழுத்தத்தை ஏற்றுகிற ராம்ப் வசதி இருந்தால் அதை அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்திவையுங்கள், ஏனென்றால் குறைந்த அழுத்தத்தில் நன்றாக உட்கார்ந்த மாஸ்க் நடுராத்திரி முழு அழுத்தம் வரும்போது கசியலாம். காற்று ஓடும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் கடை தூக்கி, உப்பவிட்டு, திரும்ப மெதுவாக வைக்க வேண்டும். அப்புறம் கீழ்ப்பட்டை இரண்டையும் ஒரே அளவில், பிறகு மேல்பட்டை இரண்டையும், கசிவு நிற்கிற அளவுக்கு மட்டும் இழுங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒருக்களித்தும் ஒரு தடவை பாருங்கள். மூக்குத்தண்டில் தோல் உரிந்து ஈரமாக இருந்தால் ஆறும்வரை இந்த மாஸ்க்கை அங்கே வைக்கக் கூடாது, அவரை நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள், மாற்று மாஸ்க் கேளுங்கள்.

இதற்குப் பிறகும் கண்ணில் காற்று வந்தால் அளவு தப்பு என்று அர்த்தம். பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து ஒரு சைஸ் கூட்டிக் கொடுத்துவிடுவது நிறைய நடக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனியே அளவு அட்டை வைத்திருக்கும், அதை முகத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு மாடலில் மீடியம் என்றால் இன்னொரு மாடலிலும் மீடியமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று கேட்கிறேன், அவருக்கு வாயையும் மூடுகிற மாஸ்க் எதற்காகக் கொடுத்தார்கள்? மூக்கு அடைப்பா? அப்படி ஒன்றும் இல்லை என்றால் மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க்கையோ, மூக்குத் துவாரத்தில் உட்காரும் நேசல் பில்லோவையோ கேட்டுப் பாருங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மூக்கு வழி மாஸ்க்குகளைத்தான் முதலில் சொல்கிறது. பெரிய மாஸ்க்கில் கசிய இடம் அதிகம், பல பேருக்கு அழுத்தமும் அதிகம் தேவைப்படுகிறது. நேசல் பில்லோ மூக்குத்தண்டைத் தொடவே தொடாது, உங்கள் கணவரின் புண்ணுக்கு அதுவே ஒரு தீர்வாக இருக்கலாம். மாடல் மாற்றினால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அழுத்தத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் முதன்முதலில் இந்த வைத்தியத்தைச் செய்தபோது மாஸ்க் என்று கடையில் ஒன்றும் கிடையாது. ஆளுக்கு ஆள் அச்செடுத்துச் செய்து, அதை ஒவ்வொரு இரவும் சிலிகான் பசை போட்டு மூக்கில் ஒட்டிக்கொண்டார்கள். காற்றுக்கு வாக்யூம் கிளீனர் மோட்டார். காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். அதையும் பொறுத்துக்கொண்டு அந்த நோயாளிகள் தொடர்ந்து போட்டார்கள் என்றால், பல வருடத்துக்குப் பிறகு கிடைத்த நல்ல தூக்கம் எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அந்த ஒரு நல்ல இரவு இன்னும் கிடைக்கவில்லை, அது கிடைக்கும்வரைதான் இவ்வளவு பாடு.

வயது 34. நேசல் மாஸ்க் போடுகிறேன். காலையில் எழுந்தால் வாயும் தொண்டையும் மணல் தின்ற மாதிரி வறண்டு கிடக்கிறது. மொபைல் ஆப்பில் லீக் 38 என்று சிவப்பில் காட்டுகிறது. தாடி வைத்திருக்கிறேன், எடுக்க மனசில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

தாடியை விடுங்கள், உங்கள் பிரச்சினை வாய். தூங்கியதும் வாய் திறந்துகொள்கிறது, மூக்கு வழியாக உள்ளே போகும் காற்று வாய் வழியாக வெளியேறி எல்லா ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஆப்பில் தெரிவது ரெஸ்மெட் கம்பெனி மெஷினின் கணக்கு என்றால் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டிய கசிவை அது பெரிய லீக்காக எடுத்துக்கொள்ளும், 38 நிச்சயம் அதிகம். காற்று இப்படி வீணானால் தொண்டையைத் திறந்துவைக்க வேண்டிய அழுத்தமும் ஒழுங்காகக் கிடைக்காது.

வாய் ஏன் திறக்கிறது என்று பாருங்கள். மூக்கு அடைத்திருந்தால் உடம்பு வேறு வழி தேடத்தான் செய்யும். தூசி அலர்ஜி இருக்கிறதா, மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். படுக்கும் முன் உப்புநீர் மூக்குச் சொட்டு, காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையரின் அளவை ஒரு படி கூட்டுவது, இந்த இரண்டிலேயே சரியானவர்கள் நிறைய. அதற்கும் நிற்கவில்லை என்றால் தாடையைத் தாங்கும் பட்டை கிடைக்கிறது, சிலருக்குக் கேட்கிறது, சிலருக்கு உதட்டு வழியாகக் கசிந்துகொண்டேதான் இருக்கிறது. வாயில் டேப் ஒட்டிக்கொண்டு படுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நீங்களாகச் செய்யாதீர்கள், மூக்கு அடைத்துக்கொண்டாலோ வாந்தி வந்தாலோ ஆபத்து. கடைசி வழி வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க். அதற்குப் போகும்போதுதான் தாடியின் பேச்சு வரும், சிலிகான் ஓரம் முழுக்க முடி மேல் உட்காருவதால் கசியும். அப்போது டிரிம் செய்துகொள்ள வேண்டியிருக்கும். இப்போதைக்கு வேண்டாம்.

அம்மாவுக்கு 68 வயது. மாஸ்க் போட வேண்டுமானால் மூக்குத்தியைக் கழற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அப்பா போட்டுவிட்டது, கழற்றவே மாட்டேன் என்று அழுகிறார்.
– வாசகி, தஞ்சாவூர்

கழற்ற வேண்டாம். அதற்காக வைத்தியத்தையும் விட வேண்டாம். மூக்கைச் சுற்றி முழுதாக மூடுகிற நேசல் மாஸ்க்காக எடுத்தால் சிலிகான் ஓரம் மூக்கைச் சுற்றிக் கன்னத்திலும் மேலுதட்டிலும் உட்காரும், மூக்குத்தி உள்ளே பத்திரமாக இருக்கும். நேசல் பில்லோதான் ஒத்துவராது, துவாரத்துக்குள் உட்காரும்போது உள்ளே இருக்கும் திருகாணியில் இடித்துப் புண்ணாக்கிவிடும். மூக்குக்கு அடியில் தொட்டில் மாதிரி ஏந்தும் வகையும் மூக்குத்தியின் இடத்தைப் பொறுத்து இடிக்கலாம். பெரிய எட்டுக்கல் பேசரி என்றால் கல்லின் கூர்மை சிலிகானைக் கிழிக்கும், ராத்திரிக்கு மட்டும் தட்டையான ஒற்றைக்கல் மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள், அதே தங்கத்தில் செய்துகொடுத்தால் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். பல்செட் வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் படுக்கும்போது கன்னம் உள்வாங்கும், அதனால் பல்செட் இல்லாத முகத்தில்தான் மாஸ்க் அளவு பார்க்க வேண்டும்.

மாஸ்க்கை வாரம் ஒரு முறை டெட்டால் போட்டு ஊறவைத்து மொட்டைமாடியில் காயவைக்கிறேன். ஆறே மாதத்தில் மஞ்சளாகி விறைத்துவிட்டது. போலிச் சரக்கா? ஹியூமிடிஃபையர் தொட்டியிலும் வெள்ளையாகப் படிகிறது, ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.
– வாசகர், திருநெல்வேலி

சரக்கைக் குறை சொல்ல முடியாது. டெட்டாலும் திருநெல்வேலி வெயிலும் சேர்ந்தால் சிலிகான் என்ன செய்யும்? கிருமிநாசினி, பிளீச்சிங், ஸ்பிரிட், வினிகர், வாசனை சோப்பு எதுவும் வேண்டாம். அந்த நெடி சிலிகானில் தங்கி ராத்திரி முழுக்க நேராக உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும், அதை நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது.

நான் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். காலையில் எழுந்ததும் முகத்தில் படும் குஷனை மட்டும் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் வாசனை இல்லாத மிதமான திரவ சோப்பு ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து அலசுங்கள். பல் தேய்க்கும் நேரம்தான் ஆகும். வாரம் ஒரு நாள் சட்டகம், பட்டை, டியூப் எல்லாவற்றையும் அதே மாதிரி கழுவி, டியூபை உள்ளே தண்ணீர் நிற்காதபடி தொங்கவிட்டு, நிழலில் காற்றாடக் காயவிடுங்கள். துணிப்பட்டையை முறுக்கிப் பிழியாதீர்கள், எலாஸ்டிக் போய்விடும். ஓசோனில் சுத்தம் செய்யும் பெட்டி என்று விளம்பரம் வருகிறதே, அதை வாங்க வேண்டாம். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020இலேயே எச்சரித்துவிட்டது, ஓசோன் மிச்சம் டியூபில் தங்கினால் மூச்சுக்குழாய் எரிச்சலாகும்.

நம் வீடுகளில் மாஸ்க்கைக் கெடுக்கும் பெரிய சமாச்சாரம் எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தால் நெற்றி வழியாக இறங்கிக் குஷனிலும் பட்டையிலும் ஊறும், குஷன் வழவழவென்று நழுவும், கசியும். எண்ணெய்க் குளியலைக் காலையில் வைத்துக்கொண்டு நன்றாகச் சீயக்காய் போட்டு அலசிவிடுங்கள். இரவில் சோப்பு போட்டு முகம் கழுவித் துடைத்துவிட்டு, கிரீம், பவுடர் ஒன்றும் போடாமல் மாஸ்க் மாட்டுங்கள். கசிவுப் புகாரோடு வரும் பலருக்கு நான் முதலில் சொல்வதே போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள் என்பதுதான்.

தொட்டியில் படிவது உப்பு. ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும், காய்ச்சினாலும் அது போகாது. காய்ச்சி வடித்த தண்ணீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர், மருந்துக்கடையில் மருத்துவ உபயோகத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள். என்றாவது கிடைக்காவிட்டால் கொதிக்க வைத்து ஆறின தண்ணீர் ஒரு இரவுக்குப் பரவாயில்லை. நேற்றைய மிச்சத்தின் மேல் ஊற்றாதீர்கள், காலையில் கொட்டிவிட்டுத் தொட்டியைக் காயவையுங்கள். மெஷினின் பின்னால் இருக்கும் ஃபில்டரையும் பாருங்கள், ரோட்டோர வீடு என்றால் கம்பெனி சொல்லும் காலத்துக்கு முன்பே கறுத்துவிடும்.

குஷனை எப்போது மாற்றுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். அமெரிக்காவில் அரசுக் காப்பீடே மூக்கு மாஸ்க்குக்கு மாதம் இரண்டு குஷன் வரை தருகிறது. இங்கே கைக்காசு போட்டு வாங்குகிறோம், அப்படி மாற்ற முடியாது, தேவையும் இல்லை. கழுவிய பிறகும் பிசுபிசுத்தால், ஓரம் துவண்டோ விறைத்தோ போனால், முன்பு கசியாத இடத்தில் கசிந்தால் மாற்றிவிடுங்கள். முழு மாஸ்க்கையும் வாங்க வேண்டியதில்லை, பெரும்பாலான மாடல்களுக்குக் குஷன் தனியாகவே கிடைக்கும். உங்களுடையது விறைத்துவிட்டது என்கிறீர்கள், புதிது வாங்குங்கள்.

எங்கள் ஊரில் அடிக்கடி கரண்ட் போகும். மாஸ்க் முகத்தில் இருக்கும்போது மெஷின் நின்றால் மூச்சு முட்டிச் செத்துவிடுவேனோ என்ற பயத்திலேயே தூக்கம் வரவில்லை.
– வாசகர், விழுப்புரம்

இந்தப் பயத்தை வெளியே சொன்னதற்கு நன்றி, நிறையப் பேர் சொல்லாமலே மாஸ்க்கை நிறுத்திவிடுகிறார்கள். வாயையும் மூடும் மாஸ்க்கில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, காற்றழுத்தம் நின்ற உடனே அது தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். பகலில் மாட்டிக்கொண்டு வீட்டில் ஒருவரை ஸ்விட்சை அணைக்கச் சொல்லி நீங்களே மூச்சுவிட்டுப் பாருங்கள், பயம் பாதி போய்விடும். மூக்கு மாஸ்க் என்றால் வாயைத் திறந்தால் போதும். பெரும்பாலானவர்களுக்கு மெஷின் நின்ற கொஞ்ச நேரத்திலேயே விழிப்பு வந்துவிடும். வால்வையும், மாஸ்க்கின் முன்னால் சின்னச் சின்னதாக இருக்கும் துளைகளையும் மட்டும் எப்போதும் அடைக்காமல் வைத்திருங்கள். நாம் விடும் மூச்சு வெளியே போகும் வழி அந்தத் துளைகள்தான், காற்று வீணாகிறது என்று நினைத்து அதில் பிளாஸ்திரி ஒட்டிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், மிகவும் ஆபத்து.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு மெஷினை அதில் இணையுங்கள். மின்சாரத்தை அதிகம் இழுப்பது ஹியூமிடிஃபையரின் சூடு, கரண்ட் இல்லாத நேரத்தில் அதை மட்டும் நிறுத்தினால் பேட்டரி இன்னும் அதிக நேரம் தாங்கும்.

அடுத்த மாதம் எனக்குத் திருமணம். இந்த மாஸ்க்கோடு அவர் முன்னால் எப்படிப் படுப்பேன்? ஒரு மாதம் போடாமல் இருந்தால் ஏதாவது ஆகுமா?
– பெயர் வேண்டாம், மதுரை

ஒரு மாதம் நிறுத்தினால் பழைய குறட்டையும் பகல் தூக்கமும் தலைவலியும் சில நாளிலேயே திரும்பிவிடும், அப்போது அவருக்கு எப்படியும் தெரியத்தான் போகிறது. கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள் தங்கச்சி. கண்ணாடி போடுவதைச் சொல்வது போல இயல்பாக, போனிலேயே சொல்லலாம். நான் பார்த்தவரை கூடப் படுப்பவருக்குக் குறட்டைதான் தொந்தரவு, மாஸ்க்கின் சத்தம் மின்விசிறிச் சத்தத்துக்குள் அடங்கிவிடும். நேசல் பில்லோவில் டியூப் தலைக்கு மேலே இணைகிற மாடல் ஒன்று வாங்கிப் பாருங்கள், முகத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது, பக்கத்தில் திரும்பிப் படுக்கவும் பேசவும் தடையில்லை. முன்பக்கத் துளைகளிலிருந்து வரும் காற்று அவர் முகத்தில் அடித்தால் எரிச்சலாக இருக்கும், காற்றைச் சிதறவிடும் வகைத் துளைகள் உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள். வாழ்த்துகள்.

பேஸ்மேக்கர் வைத்திருக்கும் அப்பா காந்த கிளிப் வைத்த மாஸ்க் போடலாமா?
– வாசகர், சேலம்

கூடாது. 2022 செப்டம்பரில் பிலிப்ஸும், 2023இல் ரெஸ்மெட்டும் தங்கள் காந்த மாஸ்க்குகளுக்கு இந்த எச்சரிக்கையைக் கொடுத்திருக்கின்றன. பேஸ்மேக்கர், மூளையில் வைத்த கிளிப், ஆபரேஷன் செய்து காதுக்குள் வைத்த கருவி போன்றவை மாஸ்க் போடுபவர் உடம்பில் இருந்தாலும், அதே படுக்கையில் பக்கத்தில் படுப்பவருக்கு இருந்தாலும், காந்தம் இல்லாத மாஸ்க்குக்கு மாறிவிட வேண்டும். அதே மாடலே சாதாரண கிளிப்போடு கிடைக்கிறதா என்று கடையில் கேளுங்கள், இன்றே.

சித்தப்பா இறந்துவிட்டார். அவருடைய மெஷினும் மாஸ்க்கும் சும்மா கிடக்கின்றன. எனக்கும் இதே நோய் என்று இப்போது தெரிந்திருக்கிறது. நான் உபயோகிக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

சித்தப்பாவை இழந்ததற்கு வருந்துகிறேன். மாஸ்க், டியூப், ஃபில்டர் மூன்றும் வேண்டாம், அவை அவர் முகத்துக்கும் மூச்சுக்கும் பழகியவை, உங்களுக்குப் புதிது வாங்குங்கள். மெஷினை உபயோகிக்கலாம், ஆனால் அவருக்கு வைத்த அழுத்தம் உங்களுக்குப் பொருந்தாது. மெஷின் தரும் 4 முதல் 20 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம் வரையிலான அளவில் உங்களுக்கு எது என்று உங்கள் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் எழுதித்தர வேண்டும். மெஷின் பிலிப்ஸ் என்றால் அடியில் இருக்கும் சீரியல் எண்ணைக் கம்பெனியிடம் கொடுத்துக் கேட்டுவிட்டே போடுங்கள். உள்ளே இருக்கும் ஒலித்தடுப்பு நுரை உதிர்ந்து மூச்சில் கலக்கலாம் என்று 2021 ஜூனில் அவர்கள் நிறைய பழைய மாடல்களைத் திரும்பப் பெற்றார்கள்.

ஏசி போட்டால் விடியற்காலையில் டியூபுக்குள் தண்ணீர் சேர்ந்து மூக்கில் தெறிக்கிறது.
– வாசகி, சென்னை

மெஷினிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த டியூபில் பட்டுத் தண்ணீராகிறது. டியூபைப் போர்வைக்கு உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், ஏசியின் காற்று நேராக அதில் படாமல் பாருங்கள். மெஷினைத் தலைமாட்டு மேசையிலிருந்து எடுத்து, கட்டிலைவிடத் தாழ்வாக ஒரு ஸ்டூலில் வையுங்கள், சேரும் தண்ணீர் மூக்குக்கு வராமல் தொட்டிப் பக்கம் இறங்கிவிடும். ஹியூமிடிஃபையரை ஒரு படி குறையுங்கள். பழைய துப்பட்டா ஒன்றை டியூபின் நீளத்துக்கு உறை மாதிரித் தைத்துப் போட்டாலும் நன்றாக வேலை செய்கிறது, துளைகள் இருக்கும் மாஸ்க் முனையை மட்டும் மூடாமல் விட்டுவிடுங்கள்.